ஜூரோங் ரப்பர்க் காடும் ஜப்பானியக் குடும்பப் படங்களும்

கிளமெண்டி வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஜூரோங் என்றதும் தொழிற்பேட்டையும் அடுக்குமாடி வீடுகளும்தான் நினைவுக்கு வரும். கிளமெண்டியில் பெருவிரைவு ரயில் ஏறினால் மேற்கே அடுத்த நிலையம் ஜூரோங் ஈஸ்ட். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கம் முழுவதும் வேறு கோலத்தில் இருந்தது. கிளமெண்டி ரோட்டுக்கு அப்போது அந்தப் பெயர்கூட இல்லை. ரிஃபார்மட்டரி ரோடு என்று அழைத்தார்கள். 1947இல்தான் பெயர் மாறியது. புதுநகரம் எழும்பியது 1970களில். அதற்கு மேற்கே ஜூரோங்கில் சதுப்பு நிலமும் செங்கல் சூளைகளும் ரப்பர்த் தோட்டங்களும் கிடந்தன.

1945ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த ரப்பர்க் காட்டில் வேலை செய்தவர்களுள் ஒரு ஜப்பானியர் இருந்தார். வயது நாற்பத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். போரில் தோற்ற நாட்டின் குடிமகன் என்ற முறையில் பிரிட்டிஷாரின் ஜூரோங் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். அவர் பெயர் யசுஜிரோ ஓசு. பின்னாளில் உலகத் திரைப்படக் கலைஞர்கள் தங்கள் ஆசான்களுள் ஒருவராகக் கொண்டாடிய அதே ஓசுதான்.

சண்டையில்லாத, சத்தமில்லாத குடும்பக் கதைகளை எடுத்த ஜப்பானிய இயக்குநர் என்று ஓசுவைப் பற்றிச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் படங்களுக்கு முன்னால் அவர் நம் மண்ணில் இரண்டரை ஆண்டுக்கும் மேலாக இருந்தார். நம்மவரைப் பற்றிய ஒரு படத்தை எடுக்கவே அனுப்பப்பட்டார். அந்தப் படம் வெளிவரவில்லை. இந்தச் செய்தி தமிழ் நேயர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு அவருடைய குடும்பப் படங்களைப் பார்த்தால், அவற்றின் மௌனத்துக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. அதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஓசு 1903ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தார். தந்தை வணிகத்தின் பொருட்டு டோக்கியோவில் தங்கிவிட, தாயும் பிள்ளைகளும் மியே மாநிலத்தின் மட்சுசாகா என்ற ஊரில் வாழ்ந்தார்கள். தகப்பன் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்ற வாழ்க்கை அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம். உயர்கல்விக்கான தேர்வுகளில் தேறவில்லை. பிறகு என்ன செய்தார் தெரியுமா? மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். ஏறத்தாழ ஓராண்டு பாடம் நடத்தினார். 1923இல் ஷோச்சிக்கு என்ற படக் கம்பெனியில் ஒளிப்பதிவு உதவியாளராக நுழைந்தார். 1927இல் இயக்குநர் ஆனார். தோட்டப் பள்ளியில் வேலை செய்கிற எனக்கு, அவர் சில காலம் நம் தொழிலைச் செய்தவர் என்பதில் ஒரு தனி ஒட்டுதல் உண்டு என்பதை மறைப்பானேன்!

அந்த ஒட்டுதலுக்குக் காரணமான படம் 1936இல் வந்த 'ஒரே மகன்'. ஓசுவின் முதல் பேசும் படம். பட்டு நூற்பு ஆலையில் வேலை செய்யும் ஒரு கைம்பெண், அவளுடைய ஒரே பையன். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது என்று அவள் நினைத்திருக்கும் வேளையில், வாத்தியார் வீட்டுக்கு வந்து, பையன் மேலே படிக்கப் போகிறானாமே என்று பாராட்டுகிறார். பையன் தாயிடம் கேளாமலே வாத்தியாரிடம் அப்படிச் சொல்லிவிட்டான். முதலில் கோபப்பட்ட தாய், பிறகு படிக்க வைக்கத் துணிகிறாள். வீடு போகிறது, நிலம் போகிறது. பல ஆண்டுகள் கழித்து அவள் மகனைப் பார்க்க டோக்கியோ போகிறாள். மகன் இரவுப் பள்ளி ஒன்றில் வாத்தியார். மனைவி, கைக்குழந்தை, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஓர் எளிய வீடு. தாயை உபசரிக்கக் கடன் வாங்குகிறான். அன்று அவனைப் படிக்க வைக்கச் சொன்ன வாத்தியாரும் டோக்கியோவில்தான் இருக்கிறார். பன்றி இறைச்சி வறுவல் கடை வைத்துப் பிழைக்கிறார். ஊருக்குத் திரும்பிய தாய், ஆலைத் தோழியிடம் மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று பெருமையாகச் சொல்கிறாள். பிறகு கட்டடத்தின் பின்புறம் போய்த் தனியே உட்காருகிறாள். அவ்வளவுதான் படம்.

பால்வெட்டுக்காரரின் பிள்ளையைப் பார்த்து, "இவனை விட்டுவிடாதீர்கள், மேலே படிக்க வையுங்கள்" என்று லயத்து வாசலில் நின்று சொல்லாத தோட்டப் பள்ளி ஆசிரியர் உண்டா? சொல்லிவிட்டு வந்த பிறகு அந்தக் குடும்பம் எதை விற்றது, எதைக் குறைத்துக்கொண்டது என்பதை நாம் எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்? 'ஒரே மகன்' அந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல் கேட்கிறது. யாரையும் குற்றவாளியாக்கவில்லை. வாத்தியார் நல்லவர், தாய் நல்லவள், மகனும் நல்லவன்தான். கணக்குத்தான் ஒத்துவரவில்லை.

எளிய மக்களின் அன்றாட வாழ்வைச் சொல்லும் இவ்வகைப் படங்களுக்கு ஜப்பானில் 'ஷோமின் கெகி' என்று பெயர். ஓசு ஒருவர்தான் எடுத்தார் என்பதில்லை. மிக்கியோ நருசே என்ற மற்றொரு பெரிய இயக்குநர் 1952இல் 'தாய்' என்ற படத்தைத் தந்தார். ஆனால் அந்த வகைக்கே அடையாளமாகிவிட்டவர் ஓசு.

அவருடைய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவைத் தரைக்கு மிக அருகில், பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் தாழ்வாக வைப்பார். பெரும்பாலும் ஒரே அளவுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ். பிற்காலப் படங்களில் கேமரா அநேகமாக நகர்வதே இல்லை. இரு காட்சிகளுக்கு நடுவே காய்கிற துணி, புகைபோக்கி, ஆளில்லாத நடைகூடம் என்று சில நொடிகள் காட்டுவார். இவற்றைவிட முக்கியமானது, பெரிய சம்பவங்களைக் காட்டாமல் தாண்டிவிடும் வழக்கம். 1949இல் வந்த 'பின் இளவேனில்' முழுக்க முழுக்க ஒரு பெண்ணின் திருமணத்தைப் பற்றியது. ஆனால் மாப்பிள்ளையை நாம் பார்ப்பதே இல்லை. திருமணச் சடங்கும் இல்லை. மகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பிய தந்தை தனியே உட்கார்ந்து ஒரு பழத்தின் தோலைச் சீவுகிறார், கை நின்றுவிடுகிறது, தலை கவிழ்கிறது.

நம் குடும்பப் படங்களோடு இதை ஒப்பிடத்தான் தோன்றும். ஏறக்குறைய அதே காலத்தில் பீம்சிங் 'பாகப்பிரிவினை' (1959), 'பாசமலர்' (1961) ஆகிய படங்களைத் தந்தார். அங்கும் கூட்டுக் குடும்பம் உடைகிறது. அண்ணன் தங்கை பிரிகிறார்கள். ஆனால் நம் படங்களில் துயரம் வாய்விட்டுப் பேசும், பாடும், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும். அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பாரி வைக்கும் வழக்கமுள்ள சமுதாயம் தன் துயரத்தை ஒப்பாரியாகத்தான் படம் எடுக்கும். மௌனமாக எடுக்கவும் நமக்குத் தெரியும் என்பதற்கு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) உண்டு. கிராமத்து முதியவர் ஒருவர் பட்டணத்து உறவினர் வீட்டுக்கு வந்து சேருவதைச் சொல்லும் பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' உண்டு. ஓசுவின் படங்களை விரும்புகிறவர்கள் 'சந்தியா ராக'த்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இனிப் போருக்கு வருவோம். 1937இல் ஓசு படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பணியாற்றியது நச்சுவாயுப் பிரிவில். 1939இல் திரும்பினார். 1942இல் 'ஒரு தந்தை இருந்தார்' என்ற படம் எடுத்தார். பள்ளிச் சுற்றுலாவில் படகு கவிழ்ந்து மாணவன் ஒருவன் இறக்க, அதற்குத் தன்னையே பொறுப்பாக்கிக்கொண்டு வேலையை விட்டுவிடும் ஓர் ஆசிரியரின் கதை.

அதே 1942இல், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 'சியோனான்' என்று பெயர் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், ராணுவத்தின் செய்திப் பிரிவைச் சார்ந்த படக் குழுவோடு ஓசு இங்கே வந்து சேர்ந்தார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, இந்திய விடுதலைப் போரைப் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுப்பது. படத்தின் பெயர் 'டெல்லிக்கு, டெல்லிக்கு'. கேமராமேன் யுஹாரு அட்சுதாவும் கதாசிரியர் ரியோசுகே சைத்தோவும் அந்தக் குழுவில் இருந்தவர்கள்.

அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் நாள் கேத்தே அரங்கில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'சலோ டெல்லி' என்று முழங்கினார். அக்டோபர் 21ஆம் நாள் அதே கேத்தே அரங்கில் ஆஸாத் ஹிந்த் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து 1940இல் இங்கு வந்து மருத்துவத் தொழில் செய்துகொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியாக அதற்குத் தலைமை ஏற்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்த தமிழ் இளைஞர்களும் பெண்களும் அந்தப் படைகளில் சேர்ந்தார்கள். கழுத்தில் கிடந்த தாலியைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்த பெண்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த எழுச்சியை அருகிலிருந்து படம் பிடிக்கத்தான் ஓசு வந்தார். பாயில் உட்கார்ந்து தேநீர் அருந்தும் தந்தையையும் மகளையும் எடுக்கத் தெரிந்தவர், துப்பாக்கி ஏந்தி நடக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளை எப்படி எடுத்திருப்பார்? அதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போயிற்று. 1944இல் இம்பால் போர்முனை உடைந்தது; போரின் போக்கே மாறிவிட்டது; படப்பிடிப்பு நின்றது.

இவ்விடத்தில் மற்றொரு தேதியையும் சொல்லியாக வேண்டும். ஆஸாத் ஹிந்த் அரசு பிரகடனமான அதே 1943 அக்டோபர் மாதத்தில்தான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. நாம் மரண ரயில் என்று சொல்வது அந்தப் பாதையைத்தான். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தமிழர். வேலை, சம்பளம், சோறு என்று ஆசை காட்டி ஏற்றினார்கள். தெருவில் பிடித்தும் ஏற்றினார்கள். காலரா, மலேரியா, புண், பட்டினி இவற்றால் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக நிற்கிறது. நம்மவருக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. ஒரே தோட்டத்தில் ஒரு வீட்டு மகன் தேசிய ராணுவத்துக்குப் போனான். பக்கத்து வீட்டு மகன் சயாமுக்குப் போனான். இரண்டு வீட்டிலும் ஒரு பாய் விரிக்கப்படாமல் சுருட்டியே கிடந்தது.

படம் நின்றுபோன பின் ஓசு என்ன செய்தார்? டென்னிஸ் ஆடினார், புத்தகம் படித்தார். இரவில், படக்கருவியைச் சோதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பறிமுதல் செய்து வைத்திருந்த அமெரிக்கப் படங்களைத் தணிக்கைக் காட்சி அறையில் போட்டுப் பார்த்தார். 'கான் வித் த விண்ட்', 'சிட்டிசன் கேன்', 'ரெபெக்கா', 'கிரேப்ஸ் ஆஃப் ராத்', வால்ட் டிஸ்னியின் 'ஃபன்டேசியா' முதலிய எத்தனையோ படங்கள். 'ஃபன்டேசியா'வைப் பார்த்தபோது, தகாத ஆளோடு சண்டைக்குப் போய்விட்டோம் என்று தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு நாட்டின் வலிமையைக் கப்பலிலும் பீரங்கியிலும் காணாமல், ஒரு கார்ட்டூன் படத்தின் வேலைத்திறத்தில் கண்டுகொண்டார் பாருங்கள்! மரவள்ளிக் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் வளர்த்த ஊரில், ஆளும் படையைச் சேர்ந்தவர்கள் இருட்டறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஓசு 'டெல்லிக்கு' படத்தின் பிரதியையும் எடுத்த படச்சுருளையும் எரித்துவிட்டார். சம்பளம் ஷோச்சிக்கு கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் அவர் ராணுவத்தாராகக் கருதப்படவில்லை. குடிமக்களுக்கான ஜூரோங் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ரப்பர்க் காட்டு வேலையோடு, முகாமில் இருந்தவர்களுக்காக ஒரு செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டார். ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு 'ரெங்கு' என்னும் தொடர்கவிதை இயற்றினார். ஒருவர் ஓரடி சொல்ல, அடுத்தவர் அதைத் தொட்டு இன்னோர் அடி சொல்ல வேண்டும். நம் அந்தாதி போலத்தான். ஆனால் அங்கே சொல் திரும்பி வருவதில்லை, நினைவு மட்டும் தொட்டுக்கொண்டு தாண்டும். படத்தில் ஒரு காட்சியை அடுத்த காட்சியோடு கோப்பதற்கு இந்தப் பயிற்சி தமக்கு நல்ல பாடமாக இருந்தது என்று ஓசுவே கூறியிருக்கிறார். காய்கிற துணி, ஆளில்லாத நடைகூடம் என்று சற்று முன் சொன்னேனே, அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஜூரோங் முகாம் நினைவுக்கு வருகிறது.

அந்த டிசம்பரில் தாயகம் திரும்பும் முதல் கப்பலில் குழுவினர் சிலருக்கு இடம் கிடைத்தது. எல்லாருக்கும் போதவில்லை, சீட்டுப் போட்டார்கள். ஓசுவுக்குச் சீட்டு விழுந்தது. மனைவி மக்கள் உள்ளவர் போகட்டும், நான் பிறகு வருகிறேன் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். 1946 பிப்ரவரியில்தான் அவர் ஜப்பான் மண்ணை மிதித்தார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் உலகம் போற்றும் படங்கள். இங்கே உடனிருந்த சைத்தோ 1948இல் 'காற்றில் ஒரு கோழி' படத்துக்கு அவரோடு சேர்ந்து கதை எழுதினார். அட்சுதா பெரும்பாலான படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். இந்தப் படங்களில் போர்க்களம் இல்லை, குண்டு இல்லை, பிணம் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் திரும்பி வராத ஒருவன் இருக்கிறான்.

1951இல் வந்த 'கோடைத் தொடக்கம்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் குடும்பம். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். வேடிக்கையும் சிரிப்புமாகவே படம் போகிறது. நடுவில், அண்டை வீட்டம்மாள் வந்திருக்கும்போது, இரண்டாவது மகனைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. தந்தை நம்பிக்கையை விட்டுவிட்டார். தாய் விடவில்லை, காணாமற்போனவர்களின் பெயரை வாசிக்கும் வானொலி நிகழ்ச்சியை இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜப்பானிய வானொலியில் அப்படியொரு நிகழ்ச்சி உண்மையாகவே 1946 முதல் 1962 வரை ஒலிபரப்பானது. அவன் சீனப் போர்முனையிலிருந்து நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வாற்கோதுமைக் கதிரை வைத்து அனுப்பியிருந்தான் என்பதும் பிறகு தெரிய வருகிறது. தங்கை அந்தக் கடிதத்தைத் தனக்குத் தரும்படி கேட்கிறாள். படம் முடிகையில் திரை முழுவதும் வாற்கோதுமை வயல் காற்றில் அசைகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஓசுவின் கடைசிப் படம், 1962இல் வந்த 'ஓர் இலையுதிர்காலப் பிற்பகல்'. அதில் முன்னாள் கடற்படைக் கேப்டனும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவரும் ஒரு சிறு மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். பழைய கடற்படை இசைத்தட்டைப் போடச் சொல்லி, வேடிக்கையாக ஒருவருக்கொருவர் சல்யூட் அடிக்கிறார்கள். நாம் வென்றிருந்தால் எப்படியிருக்கும் என்று மற்றவர் ஆசையோடு பேச, தோற்றதே நல்லது என்று கேப்டன் மெல்லச் சொல்கிறார். அடுத்த ஆண்டு, தம் அறுபதாம் பிறந்த நாளன்று, ஓசு காலமானார். கல்லறையில் பெயர் இல்லை. 'இன்மை' என்று பொருள்படும் ஒரே எழுத்து இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு குறையைச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. ஓசுவின் வீடுகளில் உள்ள வெற்றிடம் ஜப்பானியப் பிள்ளைக்கு உரியது மட்டுமே. அந்தப் பிள்ளை எந்த நாட்டில் நின்றான், அங்கே யார் வீட்டை வெறுமையாக்கினான் என்று படம் கேட்பதில்லை. சீனாவில் இருந்தவர், சிங்கப்பூரில் இருந்தவர், கண்டவற்றில் ஒரு துளியைக்கூடத் திரைக்குக் கொண்டுவரவில்லை. குடும்பத்துக்கு வெளியே போகாத கலை அது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. மௌனம் சில சமயம் அடக்கமாகும். சில சமயம் ஒளிப்பாகவும் ஆகும். ஓசுவிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன. நம் பக்கத்துக் கதையை நாம்தான் எழுத வேண்டியிருந்தது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அப்படி எழுந்தவை. திரையில் நமக்கு இன்னும் அத்தகைய ஒரு குடும்பப் படம் வரவில்லை என்பதே என் எண்ணம்.

அப்படியிருந்தும் நம்மவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் விரும்பும் ஓசுவின் படம் 1953இல் வந்த 'டோக்கியோ கதை'. ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு முதிய தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள். மருத்துவரான மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. பெற்றோரை ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மகனும் மகளும் கொடியவர்கள் அல்லர். வேலை இருக்கிறது, வீடு சிறியது. சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியபோது நாடாளுமன்றத்தில் பேசப்பட்ட பொருளும் இதுதானே! மாடி வீடுகளில் இருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு இந்தப் பகுதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முதியவர்களிடம் உண்மையான அன்பு காட்டுகிறவள் மருமகள் நோரிக்கோ. அவள் கணவன், இவர்களுடைய மகன், போரில் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவள் சிற்றறை ஒன்றில் அவன் படத்தை வைத்துக்கொண்டு தனியே வாழ்கிறாள். மாமியார் அவளிடம், நீ மறுமணம் செய்துகொள்ளம்மா என்கிறாள். ஊர் திரும்பியதும் மாமியார் இறந்துபோகிறாள். சொந்தப் பிள்ளைகள் காரியம் முடிந்ததும் கிளம்பிவிட, நோரிக்கோ சில நாள் தங்குகிறாள். புறப்படும் நாளில் மாமனார் அவளுக்கு நன்றி சொல்கிறார். என் மகனை மறந்துவிடு, அதனால் எனக்குக் குறையில்லை என்கிறார். அப்போதுதான் அவள் உடைந்து, நீங்கள் நினைக்கும் அளவுக்கு நான் நல்லவளில்லை, அவரை நினைக்காத நாட்களும் எனக்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மனைவி அணிந்திருந்த பழைய கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கொடுக்கிறார்.

சயாமுக்குப் போன கணவனுக்காக நெற்றிப் பொட்டை அழிக்க மறுத்து, சாவுச் செய்தியும் வராமல், உயிரோடிருக்கும் செய்தியும் வராமல் முப்பது நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டிமார்கள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தார்கள். ஊர் அவர்களைப் பத்தினி என்று புகழ்ந்தது. கோயில் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார வைத்தது. நினைக்காத நாளும் உண்டு என்று அவர்களில் ஒருத்தி சொல்லியிருந்தால், கேட்டுக்கொள்ள எத்தனை மாமனார்கள் இருந்திருப்பார்கள் என்று இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நோரிக்கோ ரயில் ஏறுகிறாள். அந்த வீட்டின் கடைக்குட்டிப் பெண் கியோக்கோ உள்ளூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வழியனுப்ப நிலையத்துக்கு வர முடியவில்லை. பிள்ளைகள் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்க, அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சன்னலருகே போய் நிற்கிறாள். கீழே ரயில் போகிறது. ரயிலில் நோரிக்கோ அந்தப் பழைய கடிகாரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கிழவர் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். அண்டை வீட்டுப் பெண் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, இனிப் பொழுது போகாதே என்று விசாரிக்கிறாள். ஆமாம், நாள் நீளமாகத்தான் இருக்கும் என்கிறார் அவர். வெளியே படகுகள் போகும் ஓசை கேட்கிறது.